சாவி மடியில் இருக்கிறது, கடைக்குள் ஆள் உண்டா?

தண்பொருநைத் தண்ணீர் குடித்துத் தளராது உழைத்த தகைமையாளரே! கம்பமும் கம்பியுமாய்க் கழிந்த காலமெல்லாம் கூட இருந்தவர்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தவரே! காலையில் கேள்வி கேட்டுக் கலங்கடித்து, மாலையில் எல்லோரையும் முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைத்தவரே! எங்கள் பிரிவு அலுவலகத்தின் மின்பாதைப் போர்மேன், பாளையங்கோட்டை சுவிசேஷமுத்து அண்ணாச்சி அவர்களே! இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் தங்கள் முன் நின்று, தங்களோடு வெயிலும் மழையும் பங்குபோட்டுக்கொண்ட ஊழியர்களாகிய நாங்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் முதலில் குணம் பாட வேண்டும். பாடிவிடுகிறோம். புயலென்றும் பொங்கலென்றும் பாராமல் புறப்பட்டவர் தாங்கள். அடைமழையிலும் அசராதவர், அதிகாரிக்கும் அஞ்சாதவர், அடுத்தவர் சோற்றில் மண் அள்ளிப் போடாதவர். பழுது என்று எந்தத் தெருவிலிருந்து போன் வந்தாலும் பதறாமல் பதில் சொன்னவர். கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் வெட்டுவதற்கு முன் அலுவலகத்தில் வெட்டியவர்.

இதையெல்லாம் யாருக்கும் எழுதலாம். போன வருடம் ஓய்வு பெற்ற ஒருவருக்கும் இதே வரிகளைத்தான் எழுதினோம். மழை இரைந்தால் போனை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போகிறவர் அவர் என்பது தங்களுக்கே தெரியும். அந்த மடலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே தங்களுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றை எழுத வேண்டும் என்று உதவிப் பொறியாளர் சித்ரலேகா மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்படி எழுதினால் வயர்மேன் காஜா முகைதீனை விட்டுவிட்டு எழுத முடியாது. அவரிடம் கேட்டோம். "எழுதுங்க. ஆனா வாசிக்கும்போது நான் முன்னால உக்கார மாட்டேன்" என்றார். அதோ, கதவோரம் நிற்கிறார் பாருங்கள். உட்காரவும் மாட்டேன் என்கிறார், வெளியே போகவும் மாட்டேன் என்கிறார். கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. ஐப்பசி மழை எப்போது இறங்கும், எந்தக் கம்பி எப்போது அறும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு காது வெளியேதான் இருக்கிறது. ஆனால் காஜாவின் தவிப்பு மழைக்கானது இல்லை. அவருக்குப் பல வருடமாக மனதில் ஒரே கேள்வி: அண்ணாச்சிக்கு என்மேல் நம்பிக்கை உண்டா, கிடையாதா?

தங்கள் சம்பந்தி வீட்டார் விழாவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ஆதலால் சொல்கிறோம். தினமும் காலையில் ஏணியை வேனில் ஏற்றியதும், வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு தாங்கள் நிற்பீர்கள். அன்று கம்பம் ஏறப்போகிற ஒவ்வொருவரும் தங்கள் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே ஏற முடியும். பதில் தப்பினால் அன்று முழுவதும் அவருக்குத் தரைதான். கயிறு பிடிக்கலாம், ஏணி தாங்கலாம், சாமான் எடுத்துக் கொடுக்கலாம். கம்பத்தில் கால் வைக்கக் கூடாது. சித்ரலேகா மேடம் புதிதாக வந்த வாரத்தில், "இது எந்த விதியில இருக்கு?" என்று கேட்டார். "விதியில இல்ல மேடம். எவனுக்கும் விதி முடிஞ்சிரக் கூடாதுன்னுதான் கேக்குதேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

கேள்வியா அவை? கண்ணி! "கம்பியில காக்கா உக்காந்திருக்கு. கருகல. அப்ப கம்பியில கரண்ட் இல்ல. சரியா, தப்பா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும், தப்பென்று. லைன் இன்ஸ்பெக்டர் சிவசங்கரன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைப் போட்டீர்கள்: "நேத்து இதே கம்பத்துல ஏறுனேன். எனக்கு ஒண்ணும் ஆவல. அப்ப இன்னைக்கும் ஆவாது. சரியா, தப்பா?" சிரித்த வாயோடு "சரி" என்றார் சிவசங்கரன். "அப்ப அந்தக் காக்காவுக்கும் ஒமக்கும் என்ன வே வித்தியாசம்? கீழ நில்லும்" என்றீர்கள். அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலம் வரை எங்களுக்கு ஓயவில்லை.

இன்னொரு நாள், "சீவலப்பேரி டவுன் பஸ் வரவே மாட்டேங்கு. நான் டீ சொன்னா உடனே வந்துருது. அப்ப பஸ் வரணும்னா டீ சொன்னாப் போதும்லா?" என்றீர்கள். டீக்கடைக்காரர் மட்டும், "போதும்" என்றார். இந்த வியாதி பிறகு அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. பில் கவுண்டரிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டு அலைந்தோம். வாட்ஸ்அப்பில் எங்கிருந்தோ வந்த புதிரையெல்லாம் பொறுக்கிக்கொண்டுவந்து தங்களிடமே கேட்டுப் பார்த்தோம். தாங்கள் மட்டும் அகப்படவில்லை.

அடிக்கடி அகப்பட்டவர் காஜா. இது எங்களுக்கே ஆச்சரியம்தான். மேலப்பாளையத்துக் காஜா முகைதீன் கம்பம் ஏறுகிற அழகை வேலை மெனக்கெட்டு நின்று பார்க்கிறவர்கள் வண்ணார்பேட்டைக் கடைவீதியில் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ஏற்றத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் கீழே நின்று கயிறு பிடிப்பதென்றால், அது அவருக்கு மானப் பிரச்சினை. "நான் என்ன கயிறு பிடிக்கவா வேலைக்கு வந்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பிடிப்பார். வீட்டுக்குப் போனாலும் சோறு இறங்காது. தங்கள் கேள்வியையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாராம். அவர் மனைவி, "அந்த அண்ணாச்சிய மறந்துட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

காஜா தன் மனதுக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தி வந்தார். சாட்சியெல்லாம் கெட்டியான சாட்சி. வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அண்ணாச்சி என்னைத் தோற்கடித்தார். நோன்பு மாதத்தில், வெயில் கொளுத்துகிற நாளாகப் பார்த்துத் தோற்கடித்தார். காய்ச்சலோடு லீவு போடாமல் வந்தேன், அன்றைக்கும் விடவில்லை. "நான் ஓஞ்சு கெடக்கும்போதுதான் பாத்து அடிக்காரு. பிடிச்சவன யாராவது இப்படிச் செய்வாங்களா?" என்று டீக்கடையில் வைத்துச் சிவசங்கரனிடம் புலம்பினார். சிவசங்கரன் சும்மா இருந்திருக்கலாம். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது அவருக்குக் கைவந்த கலை. "அவருக்கு ஒம்ம மேல நம்பிக்கை கெடயாது வே. அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். காஜா டீயைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

இனிச் சொல்லப்போவது போன கார்த்திகையில் நடந்தது. தாங்கள் இதை யாரும் எங்கேயும் பேசக் கூடாது என்றீர்கள். இன்று மாலையோடு தங்கள் அதிகாரம் முடிகிறது, ஆகவே பேசுகிறோம்.

அன்று காலை காஜா வந்த கோலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. முந்தின இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பல்லை விளக்கிய கையோடு ஓடிவந்திருந்தார். தாங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"கடைக்காரரு கடையப் பூட்டிட்டாரு. சாவிய மடியில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. கடைக்குள்ள ஆள் உண்டா, கெடயாதா?"

"கெடயாது."

"சாவி மடியில இருக்குன்னுதான் சொன்னேன். உள்ள ஆள் இல்லன்னு நான் சொன்னனா? அசந்து தூங்குனவன உள்ள வச்சே பூட்டியிருக்கலாம். பின்வாசல் வழியா எவனாவது பூந்திருக்கலாம். கீழ நில்லுலே."

காஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உண்டுன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் தப்புதான்."

"ரெண்டும் தப்புன்னா எதுதான் அண்ணாச்சி சரி?"

தாங்கள் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினீர்கள்.

மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பியது. அது மழைக்காற்று இல்லை, பேய்க்காற்று. ஊரெங்கும் மரம் விழுந்தது. சீவலப்பேரிப் பக்கம் கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று சிவசங்கரனும் ஒரு கூட்டமும் பெரிய வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். எர்த் செயினும் அந்த வேனோடு போய்விட்டது. வேலை தொடங்கும் முன் அந்தச் சங்கிலியின் ஒரு முனையைத் தரையில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டி, மறுமுனையை மின்கம்பிமேல் வீசுவோம். கம்பியில் மிச்சம் மீதி கரண்ட் ஒளிந்திருந்தால் அது தரைக்குப் போய்விடும். அதை வீசாமல் யாரையும் ஏறவிட்டவர் இல்லை தாங்கள்.

பொழுது இறங்குகிற நேரத்தில், தாங்களும் காஜாவும் இரண்டு உதவியாளர்களும் ஒரு தெருக்கோடியில் நின்றீர்கள். வேப்பமரம் ஒன்று முறிந்து விழுந்து கம்பியை அறுத்திருந்தது. தெருவுக்குக் கரண்ட் போகாதபடி டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கித் தாங்களே தோள்பையில் போட்டுக்கொண்டீர்கள். அது நம் தொழிலின் பழக்கம். பிடுங்கினவர் பையில் இருக்கும்வரை வேறெவனும் கொண்டுபோய்ச் செருகிவிட முடியாது. தெரு முழுக்க இருட்டு. கோடியிலிருந்த கல்யாண மண்டபத்தில் மட்டும் ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்தது. விடிந்தால் அங்கே முகூர்த்தம். பெண்ணின் தகப்பனார் தங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சார், ஜெனரேட்டர் எந்நேரமும் நின்னுரும்ங்காங்க. கொஞ்சம் பாருங்க சார்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார். ஊரில் எல்லாத் தெருவிலிருந்தும் தங்கள் போனுக்கு அழைப்பு. அன்று விடிகாலையிலிருந்து தாங்கள் உட்காரவே இல்லை.

காஜா ஏற முடியாது, தோற்றவர். உதவியாளர்கள் இரண்டு பேருக்கும் ஏற அனுமதி கிடையாது. தாங்கள் ஒரு முறை கைபேசியைப் பார்த்தீர்கள், ஒரு முறை வானத்தைப் பார்த்தீர்கள், பிறகு இடுப்பு பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டீர்கள். ஓய்வுக்கு ஒரு வருடம்கூட இல்லாத வயதில்!

ஏணியைத் தாங்கிப் பிடித்திருந்த காஜாவுக்குப் பொறுக்கவில்லை. ஏறத் தெரிந்தவன் கீழே, ஏறக் கூடாதவர் மேலே. காலையிலிருந்து விழுங்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இன்னைக்கி ஒங்ககிட்ட யாரும் கேள்வி கேக்கலயே."

"வெளையாடுத நேரமாலே இது?"

"ஏறுதவங்க எல்லாரும் பதில் சொல்லணும்லா. சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?"

ஏணியில் ஒரு கால் வைத்தபடியே, "சரி, கேளு. வெரசாக் கேளு" என்றீர்கள்.

காஜாவிடம் கேள்வி எதுவும் இல்லை. உண்மையில் அவர் கேட்க வந்தது வேறு. கண்ணுக்கு முன்னால் தங்கள் தோள்பை தொங்கியது. அதைப் பார்த்து வாய்க்கு வந்ததைக் கேட்டார். "ஃபியூஸ் ஒங்க பையில இருக்கு. கம்பியில கரண்ட் உண்டா, கெடயாதா?"

"ஃபியூஸ் எம் பையில இருக்கும்போது கரண்ட் எங்கன இருந்துலே வரும்? கெடயாது."

"சாவி மடியில இருக்குன்னுதான் சொன்னேன், அண்ணாச்சி."

காலையில் வாங்கின அடியைத் திருப்பிக் கொடுத்த திருப்தியில் சொன்னார் அதை, வேறொன்றும் நினைக்கவில்லை. ஆனால் தாங்கள் ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். கம்பியைப் பார்த்தீர்கள். மண்டபத்து விளக்கைப் பார்த்தீர்கள். பெல்ட்டைக் கழற்றி ஏணிமேல் போட்டுவிட்டு, தெருவோரத் திண்டு ஒன்றில் போய் உட்கார்ந்தீர்கள்.

"தோத்துட்டேன்லே. இனி ஒருத்தரும் ஏற வேண்டாம். செயின் வரட்டும்."

பெண்ணின் தகப்பனார் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யாருக்கோ போன் போட்டார்கள், அந்த யாரோ மேடத்துக்குப் போன் போட்டார், மேடம் தங்களுக்குப் போட்டார். "செயின் வராம ஏற மாட்டோம் மேடம்" என்பதையே தாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். காஜாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வீம்புக்குக் கேட்கப்போய் கல்யாண வீட்டைத் தவிக்கவிட்டோமே என்று ஏணியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பெரிய வேன் வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் பொறுமை போயிருந்தது.

சிவசங்கரன் சங்கிலியை வீசினார். கம்பியில் பட்டதும் நீலமாக ஒரு தீப்பொறி துள்ளியது. அதே நொடியில் மண்டபத்து விளக்கு அத்தனையும் அணைந்தது.

பிறகுதான் தெரிந்தது. அவசரத்தில் யாரோ ஜெனரேட்டரை மண்டபத்தோடு மட்டும் இணைக்காமல் தெருக்கம்பியோடும் சேர்ந்துபோகிற மாதிரி இணைத்திருந்தார்கள். அறுந்து தனியே கிடந்த அந்தத் துண்டுக் கம்பிக்குப் பின்வாசல் வழியாகக் கரண்ட் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தத் துண்டில் வேறு வீடு கிடையாது, பூட்டிக் கிடந்த ஒரு குடோனைத் தவிர. அதனால் எந்த விளக்கும் எரிந்து காட்டிக்கொடுக்கவில்லை. தாங்கள் இன்னும் நாலு படி ஏறியிருந்தால், அண்ணாச்சி, இந்த விழா இல்லை. அதைவிட விளக்கமாக எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

மறுநாள் அலுவலகமே காஜாவைக் கொண்டாடியது. அவருக்கு ஞானக்கண் என்றார்கள். கம்பியைப் பார்த்தே கரண்ட் சொல்வார் என்றார்கள். காஜா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் எறிந்தது குருட்டாம்போக்குக் கல், மாங்காய் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டதால் குறி பார்த்துத்தான் எறிந்தான் என்று ஆகிவிடுமா? தாங்களே எங்களிடம் வேறு வேறு விதமாகக் கேட்ட கேள்விதானே அது? அது போகட்டும். தங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்றுதான் அவர் வேனருகே காத்து நின்றார். தாங்கள் வந்தீர்கள். அவர் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கும் தோற்கடித்தீர்கள்!

காஜா அன்று கயிற்றைத் தொடவில்லை. நேராக மேடத்தின் அறைக்குப் போய், அம்பாசமுத்திரம் பக்கம் இடமாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று மேடம் கேட்டார். "உசுரக் காப்பாத்துனா நன்றி சொல்லணும்னு நான் எதிர்பாக்கல மேடம். ஆனா அண்ணாச்சிக்கு எம்மேல நம்பிக்கையே இல்ல. அப்படிப்பட்ட எடத்துல நான் எப்படி இருக்க?" என்றார். மேடம் காகிதத்தை வாங்கி மேசைக்குள் வைத்தார். அது அங்கேயே கிடந்தது. காஜாவும் பதிலுக்குக் காத்துக்கொண்டு, தங்கள் முகம் பார்க்காமலே வேலை செய்துகொண்டு கிடந்தார்.

இந்த மாதத் தொடக்கத்தில் தாங்கள் கண்புரை ஆபரேஷனுக்கு லீவில் போனீர்கள். போகிறபோது மேடத்திடம் ஒரே வார்த்தை சொன்னீர்களாம்: "காஜா கேக்கட்டும்." எங்களுக்கே திகைப்பு. எப்போதும் தோற்கிறவன் எப்படிக் கேள்வி கேட்பான்? காஜா முடியவே முடியாது என்றார். மேடம் உத்தரவு என்றார். வேறு வழியில்லாமல் வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வாட்ஸ்அப்பில் வந்ததில் இரண்டைக் கேட்டார். எல்லோரும் ஜெயித்தார்கள். நாங்கள் சிரித்தோம், அவரும் பட்டும் படாமல் சிரித்தார்.

சிரிப்பு ஒருநாள் நின்றது. அன்று சிவசங்கரன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். அவர் தாயாரைச் சேர்த்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. டீ கிளாஸ் கையில் தட்டுத் தட்டென்று ஆடியது. காஜா பார்த்தார். கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சாவி மடியில இருக்கு. கடைக்குள்ள ஆள் உண்டா, கெடயாதா?"

இந்தக் கேள்விக்கு விடை தெரியாத ஆள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. சிவசங்கரன் சலிப்போடு சொன்னார்: "தெறந்து பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"தப்பு."

"எது தப்பு? இதுதான வே சரியான பதிலு? ஊருக்கே தெரியுமே."

"தப்புன்னா தப்புதான். கீழ நில்லும்."

சிவசங்கரன் கிளாஸை வீசாத குறை. "அண்ணாச்சிகூட இந்த அநியாயம் பண்ணலய்யா. எம்மேல ஒமக்கு என்ன வே கோவம்? நம்பிக்கை இல்லன்னா நேராச் சொல்லும்."

இவ்வளவு காலமும் காஜா தன் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள், எழுத்துப் பிசகாமல் இன்னொருவர் வாயிலிருந்து வந்து விழுகின்றன. சிவசங்கரன்மேல் அவருக்குக் கோபமா? இல்லை. நம்பிக்கை இல்லையா? அதுவும் இல்லை. அந்த ஆடுகிற கையைக் கம்பத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். நேராகச் சொன்னால் மானஸ்தன் கேட்க மாட்டான், ஏறிக் காட்டுகிறேன் என்று ஏறிவிடுவான். கேள்வியில் தோற்றால் முனகிக்கொண்டே நின்றுவிடுவான்.

அன்று சிவசங்கரனுக்குப் பதில் காஜாவே ஏறினார். மேலே இருந்தபடியே ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தார். வாப்பாவை அடக்கிவிட்டு வந்த நாள். தொண்டை வறண்ட நோன்பு நாள். காய்ச்சல் நாள். மகளுக்குப் பக்கத்தில் கண் மூடாமல் இருந்துவிட்டு வந்த நாள். அந்த நீலப் பொறியை நினைத்து இரவெல்லாம் தூக்கம் வராமல் கிடந்தாரே, அதற்கு மறுநாள். ஓய்ந்து கிடக்கும்போது பார்த்து அடித்தார் என்று வைத்திருந்த சாட்சிகள் அத்தனையும், ஓய்ந்து கிடக்கும்போது பார்த்துத் தாங்கினார் என்று ஒவ்வொன்றாகக் கட்சி மாறின. கீழே கயிறு பிடித்திருந்த சிவசங்கரன், "என்ன வே, மேலேயே குடியிருக்கப் போறீரா?" என்று கத்தினார். காஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பைய இறங்கினார்.

இறங்கியதும் மேடத்திடம் போய், தன் இடமாறுதல் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டார். "அதையா? நான் மேல அனுப்பவே இல்லயே" என்றார் மேடம். "நல்லாத் தூங்கி எழுந்திரிச்ச ஒரு நாளாப் பாத்துக் காஜாகிட்ட மறுபடியும் கேளுங்கன்னு அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாரு. நீங்க எங்க தூங்குனீங்க?"

அன்று மாலையே தங்கள் வீட்டுக்கு வந்தார் காஜா. கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். வழியெல்லாம் என்னென்னவோ கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர், தங்கள் துணைவியார் லில்லி மதினி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எம்மேல நம்பிக்கை உண்டா, கெடயாதா?"

"நான் இல்லாத நாளு யாரு கேக்கணும்னு சொல்லிட்டு வந்தேன்?"

"என்னையத்தான்."

"பெறகென்னலே? டீயக் குடி."

இவ்வளவுதான் நடந்தது என்று காஜா சொன்னார்.

கேள்வியால் காத்த கோமகனே! தோற்கடித்துத் தோற்கடித்து எங்களைத் தூக்கி நிறுத்திய தூயவரே! தங்கள் பணிக்காலம் முழுவதும் தங்கள் வேனில் ஏறிப் போன எவரும் தோளில் திரும்பியதில்லை. இதற்குமேல் ஒரு பட்டத்தை எங்களால் யோசிக்க முடியவில்லை. தங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நாட்களுக்காக எங்களை மன்னிக்க வேண்டாம். அந்த ஆசையை நாங்கள் இன்னும் விடவில்லை.

ஏனென்றால், டீ கொடுத்த கையோடு லில்லி மதினி காஜாவிடம் ஒரு புகாரும் கொடுத்தார்கள். கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே, தண்ணீர் வரவில்லை என்று ஒற்றைக் கண்ணோடு ஏணி வைத்து மொட்டைமாடித் தொட்டிமேல் தாங்கள் ஏறினீர்களாம். "ஓய்வு கெடச்சா தெனமும் ஏறுவாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீங்கதான் தம்பி ஏதாவது செய்யணும்" என்றார்களாம்.

செய்துவிட்டோம். இந்த மடல் வாசித்து முடிந்ததும், கதவோரம் நிற்கும் காஜா முகைதீன் மேடைக்கு வருவார். சபை அறியத் தங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். உண்டென்று சொன்னாலும் தப்பு. கிடையாதென்று சொன்னாலும் தப்பு. பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று தாங்கள் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னாலும் தப்புதான். தீர்ப்பை முன்னாலேயே எழுதி மேடத்தின் ஒப்புதலும் வாங்கியாயிற்று. தங்கள் வீட்டு ஏணி இன்று மத்தியானமே சிவசங்கரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தோற்றவர் ஏறக் கூடாது. சட்டம் தாங்கள் போட்டதுதான். ஆகவே பேரன் பேத்தி கையைப் பிடித்துத் தரையிலே நடந்து, ஆற்றங்கரைக் காற்று வாங்கி, மதினி கையால் மூன்று வேளையும் சூடாக உண்டு, நோய் நொடி அண்டாமல் நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் வாழ வேண்டும். நாளைக் காலை வேனின் பின்கதவைக் காஜா பிடித்துக்கொள்வார். எங்கள் முகத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் கீழேயே இருங்கள், அண்ணாச்சி.

இங்ஙனம்,
தங்களிடம் தோற்றதால் இன்று இங்கே முழுசாக நிற்கும்
பிரிவு அலுவலக ஊழியர்கள்,
திருநெல்வேலி.